கேமரா ஆடாமல் வீடியோ எடுக்க முதலில் ட்ரைபாட் வாங்கலாமா, கையில் பிடித்தபடியே மோட்டார்களால் கேமராவை ஆடாமல் வைக்கும் கிம்பல் வாங்கலாமா? சென்னையில் கல்யாணம், கச்சேரி, கொஞ்சம் பீச் வீடியோ எடுக்கிறேன்.

ட்ரைபாட்தான். அதிலும் அதன் கால்களைவிட, கேமராவை மாட்டும் மேல்பகுதியான தலையை (ஹெட்) பார்த்து வாங்குங்கள்.

உருண்டை மேல் திரும்பும் பால் ஹெட் போட்டோவுக்கு அருமையானது. வீடியோவுக்கு ஆகாது, திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாயும். உங்களுக்கு வேண்டியது ஃப்ளூயிட் ஹெட். உள்ளே கெட்டியான திரவமோ கிரீஸோ இருப்பதால் திருப்பும்போது ஒரே சீரான இழுவை கிடைக்கும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாடகரிடமிருந்து மிருதங்கத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகிறீர்கள் பாருங்கள், அப்போது தெரியும் அதன் அருமை. மலிவான ஹெட்டில் கையை எடுத்ததும் ஃப்ரேம் லேசாகப் பின்வாங்கும். அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டோ வேறு எங்கேயோ, உங்கள் கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோய் மாட்டி, திருப்பி, கையை விட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். இவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை நான் அப்படியே நம்புவதில்லை.

கல்யாண மண்டபத்தில் மேடைப் பலகை மேல் ட்ரைபாடை வைக்காதீர்கள். அட்சதை போட ஆட்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் படம் அதிரும். தரையில் வையுங்கள். கேமராவிலோ லென்ஸிலோ ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால், ட்ரைபாடில் அதை அணைத்து வைப்பது நல்லது. சில மாடல்களில் ஆடாத கேமராவைக்கூட அது ஆட்டிவிடும்.

பெசன்ட் நகரோ மெரினாவோ, கடற்காற்றில் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். நடுத்தண்டின் அடியில் இருக்கும் கொக்கியில் பையைத் தொங்கவிடலாம், ஆனால் பை தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி அதுவே கேமராவை ஆட்டும். காலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் இழுத்துவிட்டால், கால் நீளத்தை இறுக்கும் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். உப்பு தங்கினால் பூட்டு இறுகிப்போகும்.

அப்புறம் கிம்பல். மூன்று மோட்டார்கள் இருந்தாலும் அவை சரிசெய்வது கேமரா திரும்புவதையும் சாய்வதையும் உருள்வதையும் மட்டும்தான். நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் போவது அப்படியே படத்தில் வரும். 1970களில் கேரட் பிரவுன் உருவாக்கிய, உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமரா தாங்கியான ஸ்டெடிகேமில் ஸ்பிரிங் கை இருப்பது இந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளத்தான். கிம்பலில் அந்த வேலை உங்கள் முழங்காலுக்கு. முட்டியை லேசாக மடக்கி, குதிகாலில் தொடங்கி மெதுவாகப் பாதம் பதிக்கப் பழக வேண்டும்.

பெண் அழைப்பு, ஊர்வலம் என்று வந்தால் கிம்பலை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாவை நம்பியே வாடகைக் கடைகள் இருக்கின்றன. முகூர்த்த நாளென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அன்றைக்கு எல்லோருக்கும் கிம்பல் வேண்டும்.