ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்: பிஎச்பியில் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பிஎச்பி புராஜெக்ட்டில் ‘யூசர்’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. புதிதாகச் சேர்த்த லைப்ரரியிலும் அதே பெயர். பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று எரர் வந்தது. ‘கிளாஸ்_எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு, அந்தப் பெயரில் கிளாஸ் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாதபோது மட்டும் டிக்ளேர் செய்தால் எரர் வருவதில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். எரர்தான் மறைந்தது, மோதல் அப்படியே இருக்கிறது. எது முதலில் லோட் ஆகிறதோ அந்த ‘யூசர்’ நிற்கும். மற்றது சத்தமில்லாமல் விடுபடும். பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில் ‘இந்த மெத்தட் இல்லை’ என்று புரோகிராம் நிற்கும்.

லைப்ரரியின் கோடில் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் திருத்தம் போய்விடும். உங்கள் கிளாஸை நேம்ஸ்பேஸுக்குள், அதாவது பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் தனிப் பகுதிக்குள், கொண்டுபோங்கள். பிஎச்பி 5.3 முதலே இந்த வசதி உண்டு. அதற்கு ‘ஆப்’ என்று பெயர் வைத்தால், ‘நேம்ஸ்பேஸ் ஆப்;’ என்ற வரிதான் ஃபைலின் முதல் ஸ்டேட்மென்ட்டாக இருக்க வேண்டும்; ‘டிக்ளேர்’ மட்டும் அதற்கு முன் வரலாம். பிஎச்பி டேகுக்கு மேலே ஒரு வெற்று வரியோ, சில எடிட்டர்கள் ஃபைலின் தொடக்கத்தில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் எழுத்தோ இருந்தாலும் ஃபேட்டல் எரர்தான்.

இனி உங்களுடையது ‘ஆப்\யூசர்’, லைப்ரரியுடையது ‘\யூசர்’. ஒரே ஃபைலில் இரண்டும் தேவையென்றால் ‘யூஸ் \யூசர் ஆஸ் லிப்யூசர்;’ என்று மாற்றுப்பெயர் கொடுங்கள். இது அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான். இன்க்ளூட் செய்யும் ஃபைல்களுக்குப் போகாது.

பலரும் தடுக்குவது அடுத்த இடத்தில். நேம்ஸ்பேஸுக்குள் ‘நியூ டேட்டைம்()’ என்று எழுதினால் பிஎச்பி ‘ஆப்\டேட்டைம்’ஐத் தேடி, கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ‘எஸ்டிஆர்லென்’ போன்ற ஃபங்ஷன்களை உள்ளே காணாவிட்டால் குளோபலில், அதாவது எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத பொதுவிடத்தில், போய்த் தேடும். கிளாஸ்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே முன்னால் பேக்ஸ்லாஷ் சேர்த்து ‘\டேட்டைம்’ என்றே எழுதுங்கள். எரரைப் பிடிக்கும் ‘கேட்ச்’சில் இதை விட்டால் இன்னும் மோசம்: வெறும் ‘எக்செப்ஷன்’ என்று எழுதினால் எரர் எதுவும் காட்டாது, எக்செப்ஷனையும் பிடிக்காது.

ஸ்ட்ரிங்காக எழுதிய கிளாஸ் பெயர்களுக்கு நேம்ஸ்பேஸும் மாற்றுப்பெயரும் செல்லாது. ‘"யூசர்"’ என்று மேற்கோளுக்குள் இருப்பதையெல்லாம் தேடி ‘யூசர்::கிளாஸ்’ என்று மாற்றுங்கள்.

செஷனிலோ கேஷிலோ ‘யூசர்’ ஆப்ஜெக்ட்டை சீரியலைஸ் செய்து (சேமிக்க வசதியாக ஸ்ட்ரிங்காக மாற்றி) வைத்திருந்தால், பழைய பெயரும் அதிலேயே பதிந்திருக்கும். திரும்ப எடுக்கும்போது அது லைப்ரரியின் ‘யூசர்’ ஆக உயிர்பெறும். அதனால் புதிய கோடை ஏற்றும்போதே இரண்டையும் காலி செய்துவிடுங்கள்.