புயலுக்கு முன் அப்பாவைக் கிளப்புவது எப்படி?

கே: பெற்றோர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து டாம்பாவில், கடலை ஒட்டிய வீட்டில் இருக்கிறார்கள். "கேட்டகரி மூணு வந்தா பார்க்கலாம்" என்கிறார் அப்பா. நான் சிகாகோவில் இருந்துகொண்டு என்ன செய்ய?

ப: கேட்டகரி என்பது காற்றின் வேகத்துக்கு மட்டும் போடும் மார்க். கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பது அந்த எண்ணில் கிடையாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கரையைக் கடந்தது டாம்பாவுக்கு வெகு வடக்கே, பிக் பெண்ட் பகுதியில். அப்படியும் டாம்பா விரிகுடாவில் கடல் ஏறி வீடுகளுக்குள் புகுந்தது. எனவே வீட்டு முகவரியைக் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) இணையதளத்தில் போட்டு, வெளியேற்ற மண்டலம் எது என்று பாருங்கள். 'ஏ' என்றால் முதலில் காலி செய்ய வேண்டிய இடம். (வெள்ளக் காப்பீட்டு மண்டலம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.) புயல் பெரிதா சிறிதா என்று பேச ஆரம்பித்தால் அப்பா ஜெயித்துவிடுவார். "நம்ம வீடு ஏ-ல இருக்குப்பா, நீங்க கிளம்புற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிப் பாருங்கள். புயலுக்கு அசையாதவர்கள் இதற்கு அசைவார்கள்.

கே: அட்லாண்டாவில் சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கேயே வரச் சொல்லட்டுமா?

ப: அவ்வளவு தூரம் எதற்கு? 2005-ல் ரீட்டா புயல் வந்தபோது ஹூஸ்டன் பக்கமிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்பி, கொளுத்தும் வெயிலில் நெடுஞ்சாலையிலேயே மாட்டிக்கொண்டார்கள். புயல் வருமுன்னே வழியில் இறந்தவர்கள் பலர். மண்டலத்துக்கு வெளியே, உறுதியான கட்டடத்தில் இருக்கும் நண்பர் வீடு 20, 30 மைலில் கிடைத்தால் அதுவே போதும். மொபைல் ஹோம் (இடம் மாற்றக்கூடிய இலகுவான வீடு) மட்டும் வேண்டாம். பலத்த காற்று தொடங்கச் சுமார் 48 மணி நேரம் முன்பு 'வாட்ச்' (புயல் வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு) அறிவிப்பார்கள். அன்றே பெட்ரோல் டேங்கை நிரப்பிவிட வேண்டும். 'வார்னிங்' (புயல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை) வரும்போது கையில் இருப்பது 36 மணி நேரம்தான்.

கே: பாட்டிக்கு ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது.

ப: மின்சார வசதியோடு சிறப்புத் தேவை முகாம்கள் உண்டு. கவுண்டியில் இப்போதே, வானம் தெளிவாக இருக்கும்போதே, பெயரைப் பதிந்துவிடுங்கள். கூட ஒருவர் தங்க வேண்டியிருக்கும். மாத்திரைகளை வாராந்திர டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். லேபிள் ஒட்டிய பாட்டிலோடு கொண்டுபோனால்தான், தெரியாத ஊர் மருந்துக்கடைக்காரர் மருந்தின் பெயரையும் அளவையும் படித்துத் தர முடியும்.

கே: நாயை என்ன செய்வது?

ப: எல்லா முகாமிலும் சேர்க்க மாட்டார்கள். சேர்க்கும் முகாம் எது என்று முன்பே கேட்டு, கூண்டும் தடுப்பூசிச் சான்றும் எடுத்து வையுங்கள்.

கே: காற்று நின்றதும் திரும்பிவிடலாமா?

ப: கவுண்டி வரலாம் என்று சொல்லும்வரை வேண்டாம். போன பிறகு கரன்ட் இல்லையென்றால் ஜெனரேட்டரை கராஜில்கூட ஓட்டக் கூடாது; அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.