நிலவேம்பு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

20 வருஷமா நாட்டு மருந்துக் கடை வச்சிருக்கேன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன்.

கே: அண்ணே, நிலவேம்புப் பொடியும் நிலவேம்புக் குடிநீர்ப் பொடியும் ஒண்ணுதானே?

ப: இல்ல தம்பி. குடிநீர்ப் பொடில நிலவேம்போட வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம்னு மொத்தம் 9 சரக்கு. பெரியவங்களுக்கு 5 கிராம் பொடிய 200 மில்லி தண்ணில போட்டு 50 மில்லியா சுண்ட வச்சு, வடிகட்டி அப்பவே குடிச்சிடணும், காலைல போட்டத சாயங்காலம் சூடு பண்ணி குடிக்கற வேலையெல்லாம் வேணாம். கர்ப்பிணிங்க தொடவே கூடாது.

கே: டெங்குக்கு இதுவே போதுமா?

ப: போதாது. கவர்மெண்ட்டே குடுத்தாங்கதான், அதுக்காக ரத்த டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க.

கே: சுகர் மாத்திரை போடறேன், குடிக்கலாமா?

ப: சுகர் இன்னும் இறங்கிடலாம், பிரஷரும்தான். மாத்திரை எழுதினவர கேளுங்க.

கே: அஞ்சு மாசம் சார், கொஞ்சமா குடிக்கலாமா?

ப: வேணாம்மா. மேலயே சொல்லிட்டேன்.

கே: சிறியாநங்கை வாசல்ல வச்சா பாம்பு வராதாமே?

ப: பல ஊர்ல நிலவேம்பத்தான் அந்தப் பேர்ல சொல்றாங்க. என் கடை வாசல்லயும் தொட்டில இருக்கு, போன மழைக்கு அதுக்குப் பக்கத்துலயே சாரைப்பாம்பு சுருண்டு கெடந்துச்சு, போதுமா?

கே: பாம்பு கடிச்சவனுக்கு இலை கசக்காது, அப்படித்தான் எங்க தாத்தா விஷம் ஏறிடுச்சான்னு பாப்பாரு. எத்தன பேர பொழைக்க வச்சாரு தெரியுமா?

ப: தாத்தாவ கொற சொல்லலப்பா. நம்ம ஊர்ல இருக்கற பாம்புல முக்காவாசிக்கு விஷமே கெடையாது, விஷப்பாம்பு கூட சில நேரம் விஷம் எறக்காம கடிச்சிட்டுப் போயிடும், அவங்கெல்லாம் இலை தின்னாலும் தின்னாட்டியும் பொழச்சிருப்பாங்க. கட்டுவிரியன் ராத்திரி தூங்கறப்ப கடிச்சா வலியும் இருக்காது தடமும் சரியா தெரியாது, கசக்குதா கசக்கலயான்னு நீ கேட்டுட்டு இருக்கறதுக்குள்ள கண்ணு சொருகிடும், மூச்சு நின்னுடும். வடநெம்மேலில இருளருங்க பாம்பு புடிச்சு விஷம் எடுத்துக் குடுக்கறாங்களே, அதுலேர்ந்து செய்யற ஊசிதான் மருந்து, அது ஜிஹெச்சுல இருக்கு. 108க்கு போன் பண்ணு, இலைய பறிக்காத.

கே: அப்ப சித்தர்கள் எல்லாம் பொய்யா?

ப: இந்தப் பேச்சுக்கு நான் வரல.

கே: பாம்ப விடுங்க சார், பாப்பாவுக்கு தேன் கலந்து குடுக்கலாமா? எட்டு மாசம்.

ப: ஒரு வயசுக்குள்ள தேனே கூடாது. கஷாயமும் வேணாம், குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

கே: கர்ப்பிணிங்க குடிக்கலாமா?

ப: கடைய சாத்தறேன்.