ஊதிய ஆய்வு சொல்லும் சம்பளம் எது?

கேள்வி: நான் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு உதவியாளராக வேலை செய்கிறேன். மாதம் 77,600 ரூபா கையில் கிடைக்கிறது. கொழும்புத் தனியார் நிறுவனங்கள் பற்றிய ஊதிய ஆய்வொன்றில் என் தொழிலுக்குச் சராசரி 115,000, இடையம் 92,000, 25ஆம் சதமணை 74,000 என்று கண்டு, சம்பள உயர்வு கேட்டேன். "உங்களுக்காக நாங்கள் 96,000 செலவழிக்கிறோம், அது இடையத்துக்கு மேல்" என்கிறார் முகாமையாளர். யார் சொல்வது சரி? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் சொல்லும் தொகையும் அவர் சொல்லும் தொகையும் பொய்யல்ல. ஆனால் இரண்டுமே அந்த அட்டவணையோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. நீங்கள் அனுப்பிய சம்பளப் பட்டியலின்படி அடிப்படைச் சம்பளம் 70,000, வாழ்க்கைச் செலவுப் படி 10,000, மேலதிக நேரக் கொடுப்பனவு 4,000. மேலதிக நேரக் கொடுப்பனவு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சேராது என்பதால், எஞ்சிய 80,000 ரூபாவுக்கு 8 சதவீதமாக 6,400 கழிக்கப்பட்டு 77,600 உங்கள் கைக்கு வருகிறது. முகாமையாளரோ 84,000 ரூபாவோடு, சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குச் செலுத்தும் 3 சதவீதத்தையும் கூட்டி 96,000 என்கிறார். அது தொழிலாளருக்கான மொத்தச் செலவு, சம்பளம் அல்ல. அட்டவணையின் அடிக்குறிப்பு "மேலதிக நேரக் கொடுப்பனவு நீங்கலான மொத்த மாதச் சம்பளம்" என்று தெளிவாகக் கூறுகிறது. எனவே 92,000 ரூபாவுக்கு எதிரே வைக்க வேண்டிய உங்கள் தொகை 80,000.

115,000 என்ற சராசரியைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டாம். ஐந்து பேரின் சம்பளம் 60,000, 65,000, 70,000, 75,000, 230,000 என்று வைத்துக்கொண்டால் சராசரி 100,000 ஆகிறது. ஆனால் நால்வர் அதற்கு வெகு கீழே இருக்கிறார்கள். வரிசையின் நடுவில் நிற்கும் 70,000 தான் இடையம். உங்கள் அட்டவணையில் சராசரி இடையத்தைவிட 23,000 ரூபா கூடியிருப்பது, மேலே சிலர் மிக அதிகமாக வாங்குவதையே காட்டுகிறது. 25ஆம் சதமணை என்பது உச்சச் சம்பளத்தின் 25 சதவீதம் அல்ல; ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அந்தத் தொகைக்குள் அடங்குகிறார்கள் என்பதே பொருள். ஆக, நீங்கள் 25ஆம் சதமணைக்கு மேலும் இடையத்துக்குக் கீழும் நிற்கிறீர்கள்.

இனித்தான் உண்மையான வாதம் தொடங்குகிறது. ஆய்வுகள் தொழிலை வகுப்பது பதவிப் பெயரால் அல்ல, செய்யும் வேலையால். சர்வதேசத் தொழில் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டில் கணக்கு எழுதுவினைஞர்கள் 4311 என்ற குறியீட்டிலும், அவர்களுக்கு மேலான கணக்கீட்டுத் துணைத் தொழில்வல்லுநர்கள் 3313இலும், கணக்காளர்கள் 2411இலும் வருகிறார்கள். வவுச்சர்களைப் பதிவதோடு உங்கள் வேலை முடிந்தால் முதல் வகைதான். ஆனால் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் (நிறுவனத்தின் ஏட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிடுவது) பரீட்சை மீதியும் (எல்லாக் கணக்குகளின் வரவு, செலவு மீதிகளும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) தயாரித்து, கணக்காய்வாளர் வரும்போது நீங்களே விளக்கமும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது 3313க்கு நெருங்கிய வேலை. (நம் ஊர் நிறுவனங்களில் "உதவியாளர்" என்ற பெயர் தேநீர் கொடுப்பவர் முதல் வருட இறுதிக் கணக்கை முடிப்பவர் வரை எல்லோருக்கும் சூட்டப்படுகிறது!) அடுத்த பேச்சுக்கு முன், ஒரு மாதத்தில் நீங்கள் முடிக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, அதே அறிக்கையில் அந்த மேல் வகைக்குரிய வரிசையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

விவரங்கள் எந்த மாதத்துக்குரியவை என்பதையும் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய அட்டவணையை முகாமையாளர் நீட்டினால், புதிய பதிப்பைக் கேளுங்கள்.