43 வயதில் நர்ஸ் படிப்பா?

கேள்வி: லண்டனில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். ஊரில் ஓ/எல் வரைதான் படித்தேன். இப்போது நர்ஸ் படிக்க ஆசை. "மகளின் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்கப் போகிறாயோ?" என்று இவர் சிரிக்கிறார். முடியுமா அக்கா?

பதில்: ஏன் முடியாது தங்கச்சி? நானும் நாற்பது தாண்டித்தான் படித்தேன். இங்கே நர்சிங் பட்டத்துக்கு உச்ச வயதெல்லை இல்லை. முதலில் பக்கத்துக் கல்லூரியில் 'அக்சஸ்' டிப்ளோமா, அதாவது பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் படிப்பு. பெரும்பாலும் ஒரு வருடம். ஆங்கிலமும் கணிதமும் ஜி.சி.எஸ்.ஈ. (இங்கத்தைய ஓ/எல் போன்றது) தரத்தில் கேட்பார்கள், அதை இப்போதே தொடங்குங்கள். பிறகு 3 வருடப் பட்டப்படிப்பு. தகுதியிருந்தால் என்.எச்.எஸ். (இங்கத்தைய அரச சுகாதார சேவை) வருடம் 5,000 பவுண்ஸாவது தரும். திருப்பிக் கட்டத் தேவையில்லை.

கட்டுரை எழுதுவதுதான் கஷ்டம் என்று பலரும் பயமுறுத்துவார்கள். என்னைப் பிழிந்தெடுத்தது வார்டுப் பயிற்சிதான். அது மொத்தம் 2,300 மணித்தியாலம், இரவு வேலையும் சேர்த்து. ஆனால் படுக்கையில் கிடப்பவரை நோகாமல் புரட்டத் தெரிந்த உங்களுக்கு அங்கே பாதிப் பயம் இராது. இருபது வயதுப் பிள்ளைகள் உங்களிடம்தான் கேட்டுப் பழகுவார்கள்.

இவர் சிரிக்கட்டும். அதோடு சோறு கறி சமைக்கவும் பழகட்டும். சம்பளத்தோடு படிக்கும் 'அப்ரெண்டிஸ்ஷிப்' வழியும் உண்டு. உங்கள் மனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்.