தொழில்துறை வடிவமைப்பு வேலையை ஆராய்ச்சி என்று ஏற்கலாமா?

ஏற்கலாம், ஆனால் எல்லா வடிவமைப்பும் ஆராய்ச்சி ஆகிவிடாது. 1993-இல் பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் இத்துறை ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்தார்: வடிவமைப்பைப் பற்றிய ஆராய்ச்சி, வடிவமைப்புக்கான ஆராய்ச்சி, வடிவமைப்பின் வழியே ஆராய்ச்சி. உங்கள் கேள்வி மூன்றாவதைப் பற்றியது.

அங்கே முன்மாதிரி விற்பனைக்கு அல்ல, விசாரிப்பதற்கு. மூட்டுவலி உள்ளவர்களிடம் பாட்டில் மூடியை எப்படித் திறக்கிறீர்கள் என்று கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும். கைக்குப் பழகியதை வாயால் சொல்வது கஷ்டம். நாலு விதப் பிடியுள்ள மூடிகளைச் செய்து கொடுத்துப் பாருங்கள், விரல் எங்கே நழுவுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

சரி, கம்பெனி டிசைனரும் இதைத்தானே செய்கிறார்? செய்கிறார். ஆனால் ஆய்வாளர் எந்த வடிவத்தைக் கைவிட்டார், ஏன் என்பதையெல்லாம் பதிவு செய்து, பிறர் கேள்வி கேட்கும்படி வெளியிட வேண்டும். பளபளப்பான பொருளை மட்டும் நீட்டினால் ஆய்வை மதிப்பிடும் தேர்வாளர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது.