நாலு டொலர் குறைவுக்கு அப்ரென்டிஸாகப் போகலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 29 வயது, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஒரு பிளம்பரிடம் ஹெல்ப்பராக நிற்கிறேன். மணித்தியாலத்துக்கு 25 டொலர், கையில் காசு. இப்போது வேறொரு கொம்பனி அப்ரென்டிஸாக (தொழில் பயிலுநராக) எடுக்கிறோம், 21 டொலர், வரி பிடித்துத்தான் தருவோம் என்கிறது. லைசன்ஸ் கிடைக்க ஐந்து வருடம் போகுமாம். மனைவிக்கு முதியோர் இல்லமொன்றில் பகுதிநேர வேலை. ஆவணிக் கடைசியில் முதல் பிள்ளை. பேஸ்மென்ட் வாடகை 1,700. கிளிநொச்சியில் அம்மாவுக்கு மாதம் 300 அனுப்புகிறேன். 500 டொலர் சீட்டு ஒன்று ஓடுகிறது. வங்கியில் 14,000 இருக்கிறது. இந்த நேரத்தில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு போவது புத்தியா?

பதில்: போங்கள் தம்பி. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்த்துவிட்டுப் போங்கள். நீங்கள் நாலு டொலரைப் பார்க்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த மூன்று வருடம்தான். ஒன்ராறியோவில் பிளம்பர் ஜேர்னிமேன், அதாவது லைசன்ஸ் உள்ள பிளம்பர், ஆக 9,000 மணித்தியாலம் வேண்டும். அதில் 8,280 வேலைத்தலத்தில், 720 வகுப்பில். நீங்கள் மூன்று வருடம் குழாய் தூக்கியும் அந்த 8,280இல் ஒரு மணித்தியாலம்கூடப் பதிவாகவில்லை. இது கட்டாயச் சான்றிதழ் தேவைப்படும் தொழில். லைசன்ஸும் இல்லாமல், அப்ரென்டிஸாகவும் பதியாதவர் இந்த வேலையைச் செய்யவே சட்டம் இடம் தருவதில்லை.

நட்டத்தை மறைக்காமல் போடுவோம். மணிக்கு 4 டொலர், கிழமைக்கு 40 மணி என்றால் வருடத்துக்கு 8,320. ஐந்து வருடத்துக்கு 41,600. அப்ரென்டிஸ் சம்பளம் படிப்படியாக ஏறுவது வழக்கம். ஆனாலும் ஏறவே இல்லை என்று வைத்தே கணக்குப் பார்க்கிறேன். வகுப்பு எட்டுக் கிழமைப்படி மூன்று முறை. அந்த எட்டுக் கிழமையில் 6,720 டொலர் சம்பளம் நிற்கும். அதற்கு ஈஐ என்ற அரசாங்க வேலைக் காப்புறுதி, சம்பளத்தில் 55 வீதம், அதாவது கிழமைக்கு 462 தரும். ஈஐ காசு வராத காத்திருப்புக் கிழமை முழு அப்ரென்டிஸ் காலத்துக்கும் ஒரேயொரு முறைதான். எனவே முதல் வகுப்பில் ஏறக்குறைய 3,500 துண்டு விழும், அடுத்த இரண்டிலும் 3,000 படி. எல்லாம் சேர்த்து 51,000. லைசன்ஸுக்குப் பிறகு 38 டொலர் என்றே வைத்தாலும் இன்றைய 25ஐவிட வருடத்துக்கு 27,000 கூட வரும். போட்டது இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும். அப்போது உங்களுக்கு 36 வயதளவில்தான் இருக்கும்.

இது வரிக்கு முந்திய கணக்கு. கையில் வாங்கும் 25க்கும் வரி உண்டு தம்பி, கட்டாமல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். என்றைக்காவது வரி இலாகா கேட்டால் வட்டியோடு கேட்கும். அதனால் மாதச் செலவைப் பொறுத்தவரை அடி நாலு டொலரைவிடப் பெரிது. இப்போது மாதம் 4,300 கைக்கு வருகிறது. இனி எல்லாம் பிடித்து 3,000க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். வாடகை, அம்மா, சீட்டு மூன்றும் போனால் 450 மிஞ்சும், அத்துடன் மனைவியின் சம்பளம். முதல் வருடம் கடினம். அந்த 14,000 இதற்குத்தான். வீட்டுக்கு டவுன் பேமென்ட் என்று மனதில் வைத்திருந்தால் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கைக்காசு வேலையிலேயே நின்றாலும், சம்பளச் சீட்டு இல்லாமல் வங்கியில் மோட்கேஜ் எடுப்பது கஷ்டம்தான்.

அம்மாவின் 300இல் கை வைக்கச் சொல்லமாட்டேன். சீட்டு முடிந்ததும் அடுத்ததில் சேராதீர்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் அவசரப்பட்டுக் கூடக் கழிவு கூறி எடுக்கவும் வேண்டாம். வகுப்புக் காலத்துக்குக் காசு தேவை என்றால் கனடா அப்ரென்டிஸ் கடன் இருக்கிறது: ஒவ்வொரு வகுப்புக்கும் 4,000 வரை, வட்டி இல்லை, பயிற்சி முடியும்வரை தவணையும் இல்லை. எந்தச் சீட்டின் கழிவைவிடவும் இது மலிவு. இன்னொன்று, 'அரசாங்கம் 4,000 சும்மா தரும்' என்று யாராவது சொன்னால் நம்பிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த மத்திய அரசு மானியங்கள் 2025 மார்ச் 31உடன் நின்றுவிட்டன.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். '21 டொலருக்கு அப்ரென்டிஸ்' என்று வாயால் சொல்வது வேறு, பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துப் பதிவது வேறு. 'பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம்' என்று முதலாளி இழுத்ததில் இரண்டு வருடம் இழந்த ஒருவரின் கணக்கை நானே பார்த்திருக்கிறேன். அவர் அழுததை இன்னும் மறக்கவில்லை. அதனால் பழைய வேலையை விடுமுன் நேரே கேளுங்கள். எத்தனை கிழமைக்குள் பதிவீர்கள்? என்னோடு நிற்கப்போகும் 306ஏ (பிளம்பர்) சான்றிதழ்க்காரர் யார்? வகுப்புக்கு அழைப்பு வந்தால் எட்டுக் கிழமை விடுவீர்களா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் வேறு கொம்பனி தேடுங்கள். 21 டொலரும் வாங்கிக்கொண்டு பதிவும் இல்லையென்றால் இரண்டு பக்கமும் நட்டம். சேர்ந்த பிறகு பதிவேட்டில் கற்ற வேலைகளுக்கு மாதாமாதம் கையெழுத்து வாங்குங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விடாதீர்கள், கையெழுத்து வைக்க வேண்டியவர் அதற்குள் வேலை மாறிப் போயிருப்பார்.

முடிவுப் பரீட்சைக்கு 70 வீதம் வேண்டும். பரீட்சைக் கட்டணம், பாடநெறிக் கட்டணம் இரண்டின் ரசீதையும் வரிப் பத்திரத்துக்காக வைத்திருங்கள்.

கடைசியாகப் பிள்ளை விஷயம். பெற்றோர் விடுப்புக்கு ஈஐ வாங்க 600 மணித்தியாலம் சம்பளப் பதிவில் இருக்க வேண்டும். கையில் வாங்கும் காசில் அது ஒருநாளும் சேராது. சித்திரைக் கடைசிக்குள் புது வேலையைத் தொடங்கினால் ஆவணிக் கடைசிக்குள் 600 தாண்டிவிடும். தாயோடு தகப்பனும் விடுப்பைப் பகிர்ந்தால் ஐந்து கிழமை கூடுதலாகக் கிடைக்கும். மனைவியின் மணித்தியாலங்களும் 600 வருகிறதா என்று இந்தக் கிழமையே அவருடைய சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.